எமது மணிக்கட்டில் ஓர் எழுத்து

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர்க்கு மொழிப்பற்று மிகுதியாயிருத்தல் இயல்பே. அப்பற்று நெஞ்சளவில் நில்லாது மணிக்கட்டிலும் ஏறவேண்டுமென்று ஒரு நாள் எமக்குத் தோன்றியது. எம்மூர்த் திருவிழாக் கடையொன்றில் நூறு ரூபாய் ஈந்து 'ழ' என்னும் எழுத்தைப் பச்சை குத்திக்கொண்டோம். கடைக்காரர் எமக்கு முன் வந்த இளைஞர்க்குக் குத்திய ஊசியையே ஒரு கந்தையில் துடைத்து எமக்கும் எடுத்தார், மைக்கிண்ணமும் அதுவே. கண்ணாரக் கண்டும் வாய் திறந்தோமில்லை. எம் பாட்டியார் முன்கை நிறையப் பச்சைக்கோலம் கொண்டு எண்பதாண்டு வாழ்ந்தாரல்லரோ என்பது எமது தருக்கம். எழுத்தும் செவ்வனே அமைந்திலது. நண்பர் சிலர் அதனை 'மு' என்றே படிக்கின்றனர்.

மூன்று திங்கள் கழிந்தபின் எம் தமக்கையார்க்கு மகப்பேற்றில் உதிரப்போக்கு மிகுந்தது. எமது இரத்தமும் அவரதும் ஒரே வகை. ஓடோடிச் சென்று கையை நீட்டினோம். இரத்த வங்கி மருத்துவர் மணிக்கட்டை நோக்கினார்.

"தம்பி, இது குத்தி எவ்வளவு காலமாயிற்று?"

"மூன்று மாதம், ஐயா."

"பன்னிரண்டு மாதம் செல்லுமுன் உம்மிடம் இரத்தம் வாங்க விதியில்லை. புது ஊசிதானே?"

இவ்வினாவிற்கு விடைகூற எமக்கு நாவெழவில்லை. அத்தானின் தம்பியார் இரத்தம் ஈந்தார், தமக்கையார் பிழைத்தார். தாழ்வாரத்தில் யாம் வறிதே நின்ற அவ்வொரு மணி நேரத்தை மறத்தற்கில்லை.

பின்னர் அம்மருத்துவரே காரணத்தை விளக்கினார். ஹெப்படைட்டிஸ் பி என்னும் ஈரல் நோயின் கிருமி உடலுக்கு வெளியே 7 நாளேனும் உயிர்த்திருக்கவல்லது. உடலிற் புகுந்த தொடக்கத்திலோ சோதனைக்கும் அகப்படாது தப்பிவிடும். கந்தை இதற்கு என் செய்யும்? 121 பாகை வெப்பத்தில், அழுத்தமிக்க நீராவியில், கால்மணி நேரத்திற்குக் குறையாது கருவிகளை வைத்தெடுக்கும் ஆட்டோகிளேவ் வேண்டும்; ஊசியையோ ஒருவர்க்குப் பின் எறிந்துவிடுதலே முறை.

இந்நோயைக் காரணங்காட்டியே அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தார் 1961-இல் பச்சை குத்துதலை அறவே தடுத்தனர். தொழில் ஒழிந்ததா? இல்லை, வீட்டு அறைகளிலும் நிலவறைகளிலும் மறைந்து நடந்தது. மறைவில் நடக்கும் தொழிலின் ஊசியை யார் சென்று பார்ப்பர்? 1997-இல் தடையை நீக்கி, தொற்றுத்தடுப்புப் பாடம் பயின்று தேறியவர்க்கே உரிமம் என்று விதித்தனர். முப்பத்தாறாண்டுத் தடையினும் இவ்வொரு விதியே சிறந்ததென்பது எமது துணிபு. கடையை மூடுவது எளிது. கடையினுள் சென்று பார்ப்பதன்றோ அரிது!

நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் பச்சை குத்தும் கடையொன்றில் நாவைப் பிளக்கும் வேலையும் நடந்தமை வெளிப்பட்டது. இருவர் கைதாயினர், மாநகராட்சியார் கடைக்கு முத்திரையிட்டனர். நாப் பிளந்த பின்னரே முத்திரை விழுந்தது.

எமது இரத்தத்தைச் சோதித்ததில் குற்றமொன்றும் காணப்படவில்லை. வருகிற தைத்திங்களோடு பன்னிரண்டு மாதம் நிறைவெய்தும். தமக்கையார் மகளுக்கு அம்மாதமே காது குத்தவிருக்கின்றனர். ஊசி எத்தகையதென்று கேட்டறியும் பொறுப்பை எம்மிடமே ஒப்புவித்துள்ளனர்.