ஆறு சனிக்கிழமைகள்

"படம் பார்க்கவா?" என்று வாப்பா கேட்டார். பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. நான் பேசாமல் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விடயம் இதுதான். எங்கள் தமிழ் டீச்சர் வகுப்பில் ஒரு துண்டுப் பிரசுரத்தை வாசித்துக் காட்டியிருந்தார். வவுனியா நகரில் ஒரு திரைப்பட வட்டத்தார் ஆறு சனிக்கிழமைகள், பிற்பகல் இரண்டு மணிக்கு, பல நாட்டுப் படங்களைக் காட்டப் போகிறார்கள். கட்டணம் இல்லை. படம் முடிந்ததும் கலந்துரையாடல். "இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் ஒரு கதையைக் கண்ணாலும் வாசிக்கப் பழகவேண்டும்" என்றார் டீச்சர்.

வாப்பாவுக்குப் படத்தில் பயமில்லை. அவர் கடை பூட்டி வந்து இரவில் செய்தியோடு நாடகமும் பார்ப்பவர்தான். படம் காட்டும் இடத்தில்தான் அவருக்குப் பயம். இருட்டு மண்டபம், தெரியாத ஆட்கள், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகள். கடைசியில் உம்மாதான் ஒரு வழி சொன்னார். உம்மும்மா கூடப் போகட்டும். உம்மும்மாவுக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் வலி. ஆனாலும் கேட்டவுடனே, "நான் போறன், வீட்டுக்குள்ளேயே இருந்து எனக்கும் அலுத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் இருவரும் முச்சக்கர வண்டியில் ஏறினோம்.

மண்டபம் நான் நினைத்ததுபோல இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் கட்டிய வெள்ளைத் துணி, மேசையில் ஒரு புரொஜெக்டர், யன்னல்களுக்குக் கறுப்புத் துணி. மின்விசிறி சுழலும்போது திரை மெல்ல அசைந்தது. அறுபது பேர்வரை இருந்திருப்பார்கள். பெரும்பாலும் தமிழ் மாணவர்கள், சில ஆசிரியர்கள், சிங்களம் பேசும் ஒரு குடும்பம், பர்தா அணிந்தவர்களாக நாங்களும் இன்னும் நான்கு பேரும்.

முதல் நாள் பேசிய அண்ணா திரைப்பட வட்டம் என்றால் என்ன என்று விளக்கினார். தியேட்டருக்கு வராத படங்களை நண்பர்கள் சேர்ந்து தேடி எடுத்துப் பார்த்து, பிறகு அதைப்பற்றிப் பேசுவதுதான் அதன் வேலை. 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு இப்படியொரு வட்டத்தைத் தொடங்கினார்களாம். எட்டு வருடங்களின் பின், 1955இல், ரேயின் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. எங்கள் வடக்கிலும் 2015இல் யாழ்ப்பாணத்தில் சர்வதேச சினிமா விழா தொடங்கியது. அங்கே போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த சில இளைஞர்கள்தான் இந்த ஆறு சனிக்கிழமைகளையும் ஒழுங்கு செய்திருந்தார்கள்.

முதல் படம் ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. 1997இல் வெளிவந்தது. சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்ற முதலாவது ஈரானியப் படம். அண்ணன் அலி தங்கை சஹ்ராவின் சப்பாத்தைத் தொலைத்துவிடுகிறான். வேறு வாங்க வீட்டில் காசில்லை. தங்கைக்குக் காலையில் பாடசாலை, அண்ணனுக்குப் பிற்பகல். ஒரே சோடிச் சப்பாத்தை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை நான் உம்மும்மாவின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் என் கையை அழுத்தினார். "சொல்லத் தேவையில்ல மகள், விளங்குது" என்றார். வீட்டுக்கு வரும் வழியில்தான் காரணம் சொன்னார். புத்தளம் முகாமில் உம்மாவுக்கும் சாச்சிக்கும் ஒரே சோடி வெள்ளைச் சப்பாத்துத்தான் இருந்ததாம். சாச்சிக்குக் காலை வகுப்பு, உம்மாவுக்குப் பின்னேரம். சாச்சியின் காலுக்குப் பெரிது என்பதால் முன்னால் கடதாசி அடைத்துக் கொடுப்பாராம். பதினேழு வருடமாக உம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்தக் கதையை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது கிழமை 'ஆப்பிள்'. தெஹ்ரானில் ஒரு தகப்பன் தன் இரட்டைப் பெண்பிள்ளைகளைப் பதினொரு வருடம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த உண்மைச் சம்பவம். அந்தக் குடும்பத்தவர்களே படத்தில் தங்களாக நடித்திருக்கிறார்கள். இயக்கியவர் சமீரா மக்மல்பாஃப். அப்போது அவருக்கு வயது பதினேழு. என் வயது! அந்தத் தகப்பனைக் கெட்டவனாகக் காட்டாமல், பயந்த மனிதனாகக் காட்டியிருந்தது என்னை யோசிக்க வைத்தது. அன்றிரவு சோறு சாப்பிடும்போது வாப்பாவிடம் கதையைச் சொன்னேன். கோபிப்பாரோ என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பாவம் அந்த மனுசன். பயத்துக்கு ஒரு பூட்டுப் போட்டா அது பெருகும்" என்றார். மூன்றாவது கிழமை, போகட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரே முச்சக்கர வண்டிக்குக் காசு எடுத்து வைத்திருந்தார்.

அந்தக் கிழமை 'பதேர் பாஞ்சாலி'. வயோதிப மாமியை வீட்டைவிட்டுத் துரத்தும் காட்சியில் உம்மும்மாவுக்குச் சரியான கோபம். நான்காவது கிழமை 'வஜ்தா'. 2012இல் ஹைஃபா அல்மன்சூர் என்ற பெண் இயக்கியது. சவூதி அரேபியாவுக்குள்ளேயே முழுவதும் படமாக்கப்பட்ட முதலாவது முழுநீளக் கதைப்படம். றியாத் தெருக்களில் ஆண்களோடு வெளிப்படையாக நின்று வேலை செய்ய முடியாததால், சில காட்சிகளை அவர் ஒரு வானுக்குள் இருந்து வோக்கி டோக்கியில் சொல்லிச் சொல்லி எடுத்தாராம். வஜ்தாவுக்கு ஒரு சைக்கிள் வேண்டும். காசு சேர்க்கக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். அவள் ஓதத் தொடங்கியதும் உம்மும்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. அந்த இடத்தில் எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

அன்றைய படம் 'இர மதியம'. பிரசன்ன விதானகே இயக்கிய, 2003இல் வெளிவந்த இலங்கைப் படம். போர்க்காலத்து மூன்று கதைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன. காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் ஒரு பெண். விடுமுறையில் வந்த இடத்தில் தன் தங்கையை எதிர்பாராத கோலத்தில் காணும் ஒரு இராணுவ வீரன். மூன்றாவது, வடக்கில் ஒரு முஸ்லிம் கிராமம். ஊரையே விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிடுகிறார்கள். அரபாத் என்ற பதினொரு வயதுப் பையனுக்குத் தன் நாயைப் பிரிய மனமில்லை.

இந்தக் கதையில் பேசுவது தமிழ். நான் காதுக்குள் சொல்ல எதுவும் இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். உம்மும்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் பள்ளியில் அதைப்பற்றிப் பேசுவார்கள். எங்கள் ஊர் முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி என்றும் தெரியும். நான் பிறந்தது புத்தளத்தில். யுத்தம் முடிந்த பிறகுதான் நாங்கள் வன்னிக்குத் திரும்பி வந்தோம். ஆனால் தெரிந்ததெல்லாம் ஒரு வருடமும் ஒரு தொகையும்தான். உம்மும்மா அதைப்பற்றிப் பேசுவதில்லை. கேட்டால், "அல்லாஹ் போதுமானவன், விடு" என்று எழுந்து போய்விடுவார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். வழக்கமாக உடனே கை உயர்த்துகிறவர்களும் அன்று உயர்த்தவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை எழுந்தாள். என் வயதிருக்கும். "இப்படி உண்மையாவே நடந்ததா? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள். நடிப்பில்லாத கேள்வி. அவள் பிறக்கும் முன் நடந்தது. அவள் வீட்டிலும் எங்கள் வீட்டைப் போலவே சொல்லப்படாத கதைகள் எத்தனையோ இருக்கும். நான் எழுந்து பதில் சொல்லியிருக்கலாம். வருடம் தெரியும், தொகை தெரியும். ஆனால் நாக்கு எழவில்லை. பிள்ளைகள் என்னை வேறுவிதமாகப் பார்ப்பார்களோ என்று இருந்தது.

"நடந்தது மகள்." பக்கத்திலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. உம்மும்மா எழும்பவில்லை. முழங்கால் வலி. இருந்தபடியே பேசினார்.

"படத்துல அந்தப் பொடியன் அழுறான். சரிதான், சின்னப் பொடியன். நாங்க அழல்ல. அழுறதுக்கு நேரம் இருக்கல்ல. எதை எடுக்கிற, எதை விடுற எண்டே ரெண்டு நாள் போச்சு. கையில கொஞ்சக் காசு, உடுப்புப் பை, ரெண்டு புள்ள. என்ட வீட்டுல நாய் இல்ல. ஒரு பசுவும் கண்டும் நிண்டது. போற அண்டு காலைல பால் கறக்கல்ல. கண்டை அவுத்து விட்டன், முழுக்கக் குடிக்கட்டும் எண்டு. கயித்தைக் கையில வச்சுக்கொண்டே வந்துட்டன். ஒட்டுசுட்டான் தாண்டித்தான் பார்த்தன், கயிறு கையில கிடக்கு."

யாரும் அசையவில்லை. உம்மும்மா தொடர்ந்தார். பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா இரவோடிரவாகப் பிட்டு அவித்து வாழையிலையில் கட்டித் தந்ததைச் சொன்னார். மாட்டைத் தான் பார்த்துக்கொள்வதாக அந்த அக்கா சொன்னாராம். இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் வீடு இருந்த இடத்தில் காடு. அந்த அக்காவின் வீட்டுக்கும் கூரை இல்லை. 2009க்குப் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை. "என்ட வீட்டை நான் தேடினதை விட அவவைத்தான் கனக்கத் தேடினன்" என்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அறுபது வயது இருக்கும். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் என்று பிறகு சொன்னார்கள். "அம்மா, நான் அப்ப பெடியன். நீங்கள் எங்கட ஊரால போகேக்க வேலிக்குப் பின்னால நிண்டு பார்த்தனான். ஒண்டும் கேக்கேல்ல, ஒண்டும் சொல்லேல்ல. இவ்வளவு காலமும் அதை ஒருத்தருக்கும் சொன்னதும் இல்லை" என்றார். குரல் உடைந்தது.

உம்மும்மா அவரை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார்.

"நெடுங்கேணிப் பக்கம்."

"அங்க ஒரு கிணத்தடியில தண்ணி குடிச்சம். நல்ல தண்ணி" என்றார் உம்மும்மா.

அவ்வளவுதான். கலந்துரையாடலை நடத்திய அண்ணாவும் அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. வெளியே வரும்போது அந்தத் தமிழ்ப் பிள்ளை ஓடிவந்து உம்மும்மாவின் செருப்பை எடுத்து நேராக வைத்தாள். இப்போது நாங்கள் இருவரும் தோழிகள். பொருளியல் வினாத்தாள்களும் பரிமாறிக்கொள்கிறோம்.

படத்தில் குறை இல்லை என்று உம்மும்மா சொல்லமாட்டார். முஸ்லிம் வீட்டில் நாயைக் கட்டியணைத்து வளர்ப்பார்களா என்று வழியில் கேட்டார். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக வரும் ஹதீஸை நான் நினைவூட்டினேன். குகைவாசிகளோடும் ஒரு நாய் இருந்ததே என்றேன். "அது சரி" என்று சொல்லிவிட்டு, சிறிது தூரம் போனபின், "நாயோ மாடோ, வாயில்லாச் சீவனுக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துற, ஏன் போறம் எண்டு?" என்றார்.

ஆறாவது சனிக்கிழமை 'பொன்மணி' காட்டினார்கள். தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம். அன்று உம்மும்மாவுக்கு முழங்கால் கூடிவிட்டது. எனக்குத் துணையாக வந்தவர் வாப்பா. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கடைசி வரிசையில் இருந்து கடைசிவரை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "இனி எப்ப காட்டுவாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

நான் ஒரு சமீரா மக்மல்பாஃப் இல்லை. என்னிடம் கமரா இல்லை. உம்மாவின் கைபேசி இருக்கிறது. போன மாதம் ஒரு பின்னேரம் அதை யன்னல் கட்டில் சாய்த்து வைத்து, "உம்மும்மா, அந்தக் கயிறு இப்ப எங்க?" என்று கேட்டேன். புத்தளத்தில் முகாமில் உடுப்புக் காயப்போடும் கொடியாக அது எட்டு வருடம் இருந்ததாம். யாருடைய சட்டைகள் எந்தப் பக்கம் காய்ந்தன என்றுகூடச் சொன்னார். அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினார். பதினொரு நிமிடம் பதிவாகியிருக்கிறது. வெளிச்சம் போதாது, முகம் பாதி இருட்டு. குரல் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. உம்மாவுக்குத்தான் முதலில் காட்டவேண்டும்.