ஹாரி கிளிக்கனின் 11 வருஷம்

ஷிப்ட் மாத்திக்கிறது நமக்கெல்லாம் சகஜம். ஹாரி கிளிக்கனுக்கு அது அவ்வளவு லேசா முடியலை.

1980 மே. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையை ரெண்டு வாரமா கண்காணிச்சுட்டு இருந்த மாணவர் அவர். மேற்படிப்பு விஷயமா பேராசிரியரைப் பார்க்க 17ஆம் தேதி கிளம்ப, அவர் இடத்துக்கு வந்தவர் டேவிட் ஜான்ஸ்டன். மறுநாள் காலை மலையோட வடக்குப் பக்கம் அப்படியே சரிஞ்சு வெடிச்சது. ஜான்ஸ்டன் உடல் கூட கிடைக்கலை.

கிளிக்கன் அந்த மலையை விடலை. மேடு மேடா குவிஞ்சு கிடந்த அந்தச் சரிவையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ஞ்சார். வேற எரிமலைகள்ல பழைய சரிவுகளை அடையாளம் காண அந்த வேலை உதவிச்சு.

1991 ஜூன் 3, ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்த 43 பேர்ல அவரும் ஒருத்தர். விதின்னு சொல்லிடலாம். எனக்கென்னவோ நடுவுல அவர் உழைச்ச 11 வருஷம்தான் பெரிசா தெரியுது. உங்களுக்கு?