சௌக்கியம்

என் அண்ணன் மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், தபாலைப் பிரிக்கவும் டெலிபோனை ஒட்டுக்கேட்கவும் சர்க்காருக்கு அதிகாரம் தரும் புதிய சட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"கேட்டுட்டுப் போகட்டுமே சித்தப்பா! ஒளிக்கிறதுக்கு என்கிட்டே என்ன இருக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, ராஜீவ் காந்தி நினைவிடத்துக்குப் போனேன். 1991 மே 21 இரவு அவரும் வேறு பலரும் மாண்ட இடம். அங்கே நின்றுகொண்டு, உளவு வேலையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து 1898ஆம் வருஷச் சட்டத்திலேயே தபாலைப் பிரிக்க இடமுண்டு. அந்த அதிகாரத்தை விரிவாக்கும் மசோதா 1986ல், ராஜீவ் பிரதமராக இருந்தபோதுதான் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. ஜனாதிபதி ஜெயில் சிங் அதில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் அதைத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவே இல்லை.

2023ல் புதிய தபால் சட்டமும் தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தன. ஒட்டுக்கேட்புக்கு 1996ல் சுப்ரீம் கோர்ட் சில வரம்புகள் வைத்ததுண்டு: உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம், நீட்டித்தாலும் ஆறு மாதம், சரிபார்க்க ஒரு குழு. உத்தரவு போடுபவரும் அதிகாரி. குழுவில் இருப்பவர்களும் அதிகாரிகளே. நீதிபதி ஒருவரும் இல்லை.

அண்ணன் மகளுக்குரிய பதில் பஸ்ஸில்தான் கிடைத்தது.

பதினாறு வயதில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் கடிதங்களை வார்டன் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார். நான் ஒரு தப்பும் செய்தவனல்ல. ஆனாலும், 'சோறு இறங்கவில்லை அம்மா, ராத்திரியெல்லாம் அழுகிறேன்' என்று எழுதக் கை வரவில்லை. 'சௌக்கியம்' என்றே வாராவாரம் எழுதினேன். அம்மா நம்பினாள். கண்ணை மூடும்வரை நம்பினாள்.

வார்டன் என் கடிதத்தில் ஒரு வரியைக்கூட அடித்ததில்லை. அந்த வேலையை அவருக்கு மிச்சம் வைக்காமல் நானே செய்துவிட்டேன்.

ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. இதை அண்ணன் மகளிடம் சொல்லவேண்டும். டெலிபோனில் வேண்டாம், நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.