தினசரி இன்ஹேலர்: கையும் மூச்சும்

சி.ஓ.பி.டி. என்று மருந்துச் சீட்டுகளில் குறிக்கப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், சுருங்கிப்போன மூச்சுக்குழாய்கள் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பல ஆண்டுகள் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு இது வருகிறது. புகை வெளியேற வழியில்லாத அடுப்படியில் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்த பெண்களுக்கும், காசநோய் வந்து ஆறிய நெஞ்சு உள்ளவர்களுக்கும் வருகிறது. தினமும் இழுக்கும் இன்ஹேலர் இந்த நோயைக் குணப்படுத்தாது. குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தி வைக்கும். மூச்சை விட்ட பிறகும் நெஞ்சுக்குள் தேங்கி நிற்கும் காற்றைக் குறைக்கும். நோய் திடீரென முற்றி மருத்துவமனைக்கு ஓடவேண்டிய தடவைகளையும் குறைக்கும். இவ்வளவும் நடக்க மருந்து குழாயின் அடிவரை போய்ச் சேரவேண்டும். சேர்வதும் சேராததும் அதை இழுக்கும் சில நொடிகளில் முடிவாகிவிடுகிறது. நெஞ்சுநோய்ப் பிரிவில் இன்ஹேலர் பழக்கிக் கொடுப்பவரின் வேலை முழுவதும் அந்தச் சில நொடிகளைப் பற்றியதுதான்.

முதலில் தீரவேண்டியது ஒரு குழப்பம். பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டு இன்ஹேலர்கள் இருக்கும். ஒன்று சால்பியூட்டமால். சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் இது, இளைப்பு வந்த நேரத்துக்கு உரியது. மற்றது தினசரி மருந்து. ஃபார்மோட்ரால், சால்மெட்ரால் போன்றவை ஏறத்தாழ 12 மணி நேரமும், டையோட்ரோபியம் 24 மணி நேரமும் குழாயைத் திறந்து வைக்கும். இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை நேரத்துக்கு இழுக்கவேண்டும். இழுத்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதால் பலர் இதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். உடனே சுகம் தரும் சால்பியூட்டமாலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தினசரி மருந்தை 'முடியாதபோது பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்குகிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. மூச்சு முட்டும் நேரத்தில் டையோட்ரோபியத்தை இழுத்துவிட்டுக் காத்திருந்தால் நேரம் வீணாகும். நிறத்தை வைத்து அடையாளம் சொல்லிக் கொடுப்பது சரிவராது, நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். ஒன்றில் 'தினமும் காலை, இரவு', மற்றதில் 'இளைப்பு வந்தால் மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிக்கொடுப்பதே மேல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒன்றின்மேல் மட்டும் ரப்பர் வளையம் போட்டாலும் போதும்.

'பம்பு பழகிவிடும், அப்புறம் விடவே முடியாது' என்ற பேச்சும் இங்கேயே தீரவேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவரை யாரும் அதற்கு அடிமை என்று சொல்வதில்லை. அளவைப் பார்த்தால் இன்ஹேலரே சிறிய மருந்து. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். ஸ்ப்ரேயில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் இவ்வளவு குறைந்த அளவு போதுமானதாகிறது. நேராகப் போகாவிட்டால் அந்தக் குறைந்த அளவும் வீண்.

ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரையுள்ள துகள்களே ஆழமான குழாய்களை எட்டும். அதைவிடப் பெரியவை தொண்டையின் வளைவில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஸ்ப்ரே இன்ஹேலர் 1956இல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. உள்ளே இருக்கும் அழுத்த வாயு பின்னாளில் ஓசோன் படலத்தைக் காக்க மாற்றப்பட்டதே தவிர, கருவியின் அடிப்படை இன்றும் அதுதான்: குப்பியை அழுத்தினால் அளந்த அளவு மருந்து மிக வேகமாகப் பீறிட்டு வரும். அந்த வேகம்தான் அதன் குறையும். நன்றாகப் பழகிய கையில்கூட மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் தங்கிவிடும், சிறு பங்கே நுரையீரலுக்குப் போகும். பழகாத கையில் அந்தச் சிறு பங்கும் போகாது.

ஸ்ப்ரேயை எடுத்தவுடன் மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் பார்க்கவேண்டும். சட்டைப்பையில் கிடந்த இன்ஹேலருக்குள் சில்லறைக் காசும் மிட்டாய்க் காகிதமும் புகுந்து இருப்பதுண்டு. பிறகு நன்றாகக் குலுக்கவேண்டும். புதியதையும், பல நாள் கிடந்ததையும் கையேட்டில் சொன்ன எண்ணிக்கைப்படி காற்றில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்கவேண்டும். அடுத்து வருவதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். இழுப்பதற்கு முன் மூச்சை மெதுவாக, சிரமமில்லாத அளவுக்கு வெளியே விட்டாகவேண்டும். சி.ஓ.பி.டி. நோயாளியின் நெஞ்சு ஏற்கெனவே தேங்கிய காற்றால் உப்பியிருக்கும். அதைக் கொஞ்சமாவது காலி செய்யாமல் இழுத்தால், இழுக்க இடமே இருக்காது. உதட்டை இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கிய அதே கணத்தில் குப்பியை அழுத்தி, மூன்று முதல் ஐந்து நொடி வரை நிதானமாக இழுத்துக்கொண்டே போகவேண்டும். பிறகு பத்து நொடி மூச்சைப் பிடிக்கவேண்டும். முடியாதவர் ஐந்து நொடி பிடித்தாலும் பரவாயில்லை. இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொடர்ந்து இரண்டு முறை 'புஸ் புஸ்' என்று அழுத்துவதால் எந்தப் பயனும் இல்லை.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடப்பது வயதானவர்களுக்குக் கடினம். விரல் மூட்டு வலியுள்ளவருக்கு அழுத்தவே வராது. மருந்து மூக்கு வழியாகவோ உதட்டோரமாகவோ வெண்புகையாக வெளியே வந்தால் காரியம் நடக்கவில்லை என்று பொருள். இவர்களுக்கு ஸ்பேசர் வேண்டும். மருந்து முதலில் அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேகம் தணிந்து நிற்கிறது. பெரிய துகள்கள் அதிலேயே ஒட்டிக்கொள்கின்றன. நோயாளி மெதுவாக ஆழ்ந்து ஒருமுறை இழுக்கலாம், அது முடியாதென்றால் வழக்கம்போல நாலைந்து முறை மூச்சு விட்டு வாங்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பஃப்தான் உள்ளே அடிக்கவேண்டும். ஸ்பேசரைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவைக்கவேண்டும். ஸ்பேசர் குழந்தைகளுக்கானது என்ற கூச்சம் ஆண்களிடம் அதிகம். ஸ்பேசரோடு சரியாக இழுத்தால் பலருக்கு நெபுலைசருக்கு இணையான பலன் கிடைக்கும் என்பதைச் சொன்னபிறகுதான் அதை வாங்கச் சம்மதிக்கிறார்கள்.

பவுடர் இன்ஹேலரில் மெதுவாக இழுக்கும் விதி தலைகீழாகிறது. அதில் பீறிடும் வாயு கிடையாது. இழுப்பவரின் மூச்சே பவுடரைக் கிளப்பி, உடைத்து, உள்ளே கொண்டுபோகவேண்டும். அதனால் தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தாகவேண்டும். இந்தியாவில் பரவலாக உள்ள ரொட்டாஹேலரில், காப்ஸ்யூலின் நிறமற்ற முனை கீழே இருக்கும்படி சதுரத் துளையில் செருகி, அடிப்பாகத்தைத் திருப்பினால் காப்ஸ்யூல் பிரியும். கருவியை வாயிலிருந்து தள்ளி வைத்து மூச்சை வெளியே விட்டு, பிறகு வாயில் வைத்து ஒரே வீச்சில் இழுக்கவேண்டும். கருவிக்குள் ஊதக்கூடாது. ஊதினால் பாதிப் பவுடர் பறந்துவிடும், மீதி எச்சிலின் ஈரத்தில் கட்டியாகிவிடும். இழுத்து முடித்ததும் திறந்து பார்த்து, பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் காப்ஸ்யூலை முன்கூட்டியே எடுத்துவைப்பது, குளியலறை அலமாரியில் வைப்பது இரண்டும் மருந்தைக் கெடுக்கும். கருவியைக் கழுவினால் முழுக்கக் காய்ந்த பிறகே பயன்படுத்தவேண்டும். காப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கத் தேவையில்லை. 2008இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இன்ஹேலர் காப்ஸ்யூல்கள் விழுங்கப்படுவதைப் பற்றி எச்சரிக்கை வெளியிடவேண்டியிருந்தது. மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டுவைத்தால் தவறு நடக்கத்தான் செய்யும்.

மெதுவாக இழுக்கும் கருவி ஒன்றும் வேகமாக இழுக்கும் கருவி ஒன்றும் ஒரே நோயாளியிடம் சேர்ந்துவிட்டால், சில வாரங்களில் இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பார். எப்படி இழுத்தாலும் ஒன்று வீணாகும். ஆகவே முடிந்தவரை ஒரே வகைக் கருவியாக எழுதுவது நல்ல மருத்துவம். நோய் மிக முற்றியவரால் பவுடரை இழுக்கும் வேகத்தைத் திரட்ட முடியாமல் போகலாம், அவருக்கு ஸ்ப்ரேயும் ஸ்பேசரும் பொருந்தும். மருந்துக்கடையில் 'அது இல்லை, இதுவும் அதே மருந்துதான்' என்று வேறு கருவியைக் கொடுத்தனுப்புவது இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒரே நாளில் கலைத்துவிடும். மருந்து அதேதான், கருவி வேறாக இருக்கும். புதுக் கருவிக்குப் புதிதாகப் பழக்கவேண்டும்.

பழக்கும் முறையில் ஒன்றை வலியுறுத்தலாம். 'இழுக்கத் தெரியுமா?' என்று கேட்பதில் பயனில்லை. 'தெரியும் சார், அஞ்சு வருஷமா இழுக்கிறேன்' என்ற பதில்தான் வரும், அந்த அஞ்சு வருஷமும் தவறாகவே இழுத்திருக்கலாம். 'வீட்டில் எப்படி இழுப்பீங்களோ அப்படியே ஒருதரம் காட்டுங்க' என்று கருவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பார்க்கவேண்டும். தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும்: மூடியோடு அழுத்துவது, பல்லால் வாய்ப்பகுதியை மறைப்பது, நாக்கைத் தூக்கித் துளையை அடைப்பது, இழுத்தவுடன் மூச்சை விட்டுவிடுவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் எதுவும் நிற்காது. மருந்தையே வீணாக்கும் தவறை முதலில் திருத்தி, செய்து காட்டி, மறுபடி செய்யச் சொல்லிப் பார்ப்பதே பலன் தருகிறது. வீட்டில் மருந்தை எடுத்துக் கொடுக்கும் மனைவியோ மருமகளோ கூட இருந்து பார்த்தால் இன்னும் நல்லது. சரியாகக் கற்றவர்களும் சில மாதங்களில் நழுவிவிடுவார்கள் என்பதால் ஒவ்வொரு வருகையிலும் இது தொடரவேண்டும். மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வது பல சீட்டுகளைச் சுருக்கும்.

பக்கவிளைவுகளில் எளிதில் தவிர்க்கக்கூடியது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரால் வரும் வாய்ப்புண். பூடசனைட், ஃபுளூட்டிகாசோன் போன்றவை நாக்கிலும் தொண்டையிலும் தங்கினால் வெள்ளையாகப் பூஞ்சை படரும், குரல் கம்மும். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் தொண்டைவரை கொப்பளித்துத் துப்பவேண்டும், விழுங்கக்கூடாது. காலையும் இரவும் பல் துலக்குவதற்குச் சற்று முன் இழுக்கும் பழக்கம் வைத்தால் மருந்தும் மறக்காது, கொப்பளிப்பதும் மறக்காது. சி.ஓ.பி.டி.யில் ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவையில்லை. அது நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கும், இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்குமேல் உள்ளவர்களுக்கும் நன்மை அதிகம். 100க்குக் கீழே இருந்தால் நன்மை சொற்பம். அதற்காக நோயாளி தானாக நிறுத்திவிடக்கூடாது. ஆஸ்துமாவும் கலந்திருந்தால் ஸ்டீராய்டை விட்டுவிட்டு ஃபார்மோட்ரால் வகையை மட்டும் இழுப்பது உயிருக்கே ஆபத்து.

டையோட்ரோபியம் வகையில் வாய் உலரும். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் கட்டலாம். பவுடர் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால், குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கண்வலி வந்து பார்வை மங்கும். ஃபார்மோட்ரால், சால்பியூட்டமால் வகையில் கை நடுக்கமும் படபடப்பும் வரும், அளவு மீறினால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அளவு மீறுவது பெரும்பாலும் தெரியாமல்தான் நடக்கிறது. இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு பெயர் கொண்ட இன்ஹேலர்களுக்குள் ஒரே மருந்து இருக்கும். கண் மருத்துவமனையில் கொடுத்த டிமோலால் சொட்டுமருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது என்பதையும் பலர் அறிவதில்லை. கண்ணில் விடுவதுதானே என்று அதை நெஞ்சு மருத்துவரிடம் சொல்வதில்லை.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் இழுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடவேண்டும், இரட்டிப்பாக இழுக்கக்கூடாது. குப்பி காலியா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தக்கதல்ல. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் பீறிடும் என்பதால் குலுக்கிப் பார்த்தும் தெரியாது. எண்காட்டி இருந்தால் அதைப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் 120 பஃப் கொண்ட குப்பி, வேளைக்கு இரண்டாக இரு வேளைக்கு 30 நாள் வரும் என்று கணக்கிட்டு, முடியும் தேதியைத் தொடங்கும் நாளிலேயே குப்பியின்மேல் எழுதிவிடலாம். அழுத்த வாயு உள்ள குப்பியை வெயிலில் நிற்கும் காரிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்கக்கூடாது.

தினசரி இன்ஹேலரால் சமாளிக்க முடியாத நாளையும் அடையாளம் காணத் தெரியவேண்டும். சால்பியூட்டமால் வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்படுவது, சளி கூடி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது, காலில் வீக்கம், படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பது ஆகியவை அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டிய அறிகுறிகள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேசமுடியாமல் போவது, உதடு நீலமாவது, தூக்கக் கலக்கமும் குழப்பமும் வருவது என்றால் 108ஐ அழைக்கவேண்டும். வந்தவர்களிடம் சி.ஓ.பி.டி. என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். இந்த நோயில் ஆக்ஸிஜனை அளவில்லாமல் கொடுத்தால் கரியமில வாயு தேங்கும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 88 முதல் 92 விழுக்காடு வரை இருந்தால் போதும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது சீட்டு மட்டும் போதாது. இன்ஹேலர், ஸ்பேசர், கண் சொட்டுமருந்து, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துவரவேண்டும். இன்ஃபுளூயன்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டாயிற்றா, பீடி நின்றதா, சமையல் எதில் நடக்கிறது என்பதையும் அந்த நாளிலேயே கேட்டு முடித்துவிடலாம்.