மாலையும் ஓட்டும்

யுத்தத்தில் ஜயித்த தலைவருக்கு மாலை போடுவது சுலபம். மாலை போட்ட கையாலேயே, "போய் வாருங்கள்" என்று அவரை வீட்டுக்கு வழியனுப்பி வைப்பதுதான் கஷ்டம். அந்தக் காரியத்தை 1945-ல் ஆங்கிலேயர் செய்து காட்டினார்கள். அவர்களிடம் நான் பொறாமைப்படும் சங்கதிகள் அதிகம் இல்லை; இது ஒன்று.

ஹாஸ்டலில் இராச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னால் நண்பர்கள் என்மேல் பாய்கிறார்கள். "நன்றி கெட்ட ஜனங்கள்!" என்பது அவர்கள் தீர்ப்பு. ரசம் ஆறுவதற்குள் இரண்டு எல்லைகளையும் மீட்டுக் கொடுத்துவிடக்கூடிய சேனாதிபதிகள் அவர்கள். வாதாடி ஜயிக்க முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

1940 மே மாதம் சர்ச்சில் பிரதம மந்திரியானார். ஐந்து வருஷம் ஹிட்லருக்கு எதிராக நாட்டை நடத்திச் சென்றார். 1945 மே 8-ந் தேதி வெற்றி விழா. லண்டன் ஜனங்கள் அவரைக் கண்டு ஆரவாரித்தார்கள். ஜூலை 5-ந் தேதி தேர்தல். கடல் கடந்து நின்ற சிப்பாய்களின் ஓட்டுக்கள் வந்து சேர வேண்டியிருந்ததால், எண்ணியது ஜூலை 26-ந் தேதிதான். அதற்கிடையில் சர்ச்சில் போட்ஸ்டாம் மகாநாட்டில் ஸ்டாலினோடும் ட்ரூமனோடும் உட்கார்ந்து உலகத்துக்கு வழி சொல்லிக் கொண்டிருந்தார். தேர்தல் முடிவைத் தெரிந்துகொண்டு வரலாம் என்று ஊருக்குப் புறப்பட்டார். மகாநாட்டுக்குத் திரும்பி வந்தவர் அட்லி! 640 இடங்களில் தொழிற்கட்சிக்கு 393 கிடைத்திருந்தது.

சர்ச்சில் நின்ற உட்ஃபோர்டு தொகுதியில் தொழிற்கட்சியும் லிபரல் கட்சியும் ஆள் நிறுத்தவில்லை. அப்படியும் ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு 10,000-க்கு மேல் ஓட்டு விழுந்தது.

இது நன்றி கெட்டதனமா? எனக்குத் தோன்றவில்லை. ஜனங்களுக்கு வேண்டியிருந்தது வீடு, வேலை, வைத்தியம். சமூகப் பாதுகாப்பைப் பற்றி 1942-ல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையை லட்சக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய ஜனங்கள் அவர்கள். சர்ச்சிலோ, சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தால் கெஸ்டபோ மாதிரி ஒன்றும் கூடவே வரும் என்று ரேடியோவில் பயமுறுத்தினார். யுத்த மந்திரி சபையில் ஐந்து வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அட்லியின் கட்சியைப் பற்றி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நெருப்பை அணைத்தவருக்குக் கும்பிடு போடலாம். வீடு கட்டக் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்தத் தேர்தலில் நமக்கும் சம்பந்தம் உண்டு. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தபோது லண்டனில் பிரதமராக இருந்தவர் சர்ச்சில்தான். 1947-ல் இந்திய சுதந்திரச் சட்டத்தைக் கொண்டு வந்தது அட்லியின் சர்க்கார். எங்கோ ஒரு தொழிலாளி தன் வீட்டுக் கூரையை நினைத்துப் போட்ட ஓட்டு, நமக்கும் உபகாரமாக முடிந்தது.

நம் ஜனங்களும் சளைத்தவர்கள் அல்லர். 1971 டிசம்பரில் 13 நாள் யுத்தம். இந்திரா காந்தியின் கீர்த்தி உச்சிக்குப் போயிற்று. 1972 மார்ச்சில் ராஜ்யத் தேர்தல்களிலும் அவர் கட்சிக்குப் பெருவெற்றி. 1975 ஜூனில் அவசர நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1976-ல் நடக்க வேண்டிய பொதுத் தேர்தல் தள்ளிப் போயிற்று. கடைசியில் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது ரே பரேலியிலேயே அவர் தோற்றார். அந்த வருஷம் தமிழ்நாடோ அவர் இருந்த அணிக்கே பெருவாரியாக ஓட்டுப் போட்டது. வடக்கத்தி நண்பர்கள் இதைச் சொல்லிக் காட்டும்போது எனக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர்ப் பானையைத் தேடிப் போய்விடுவேன்.

இருவரையும் ஜனங்கள் மறந்துவிடவும் இல்லை. சர்ச்சில் 1951-லும், இந்திரா 1980-லும் மறுபடி பிரதமரானார்கள். போன வருஷத்து வேலைக்கு மாலை. வரும் வருஷத்து வேலைக்கு ஓட்டு. இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஜனங்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"பலமான தலைவர் வேண்டும்" என்று நண்பர்கள் மேஜையைத் தட்டுகிறார்கள். வரட்டும், நானும் ஒரு மாலை வாங்கி வருகிறேன். ஆனால் போட்டுவிட்டு, அவர் திரும்பிப் போக வேண்டிய கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.