அம்பாசிடர் டீசல் இன்ஜினை இறக்கும்போது

பழைய அம்பாசிடர் டீசலில் இருப்பது பிரிட்டனின் பி.எம்.சி வடிவமைத்த 1489 சி.சி இன்ஜின். நான்கு சிலிண்டர், மூன்று மெயின் பேரிங், 73 மி.மீ. போர், ஏறத்தாழ 89 மி.மீ. ஸ்ட்ரோக். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை 40 குதிரைத்திறனுக்குள் இழுத்தாக வேண்டும் என்பதால், நல்ல நிலையிலேயே அது அவசரப்படாத இன்ஜின். ஆகவே திறன் குறைவதை ஓட்டுபவர் கவனிப்பது அரிது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், ஆயில் குடிப்பதும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவதும்தான் கண்ணில் படும். மெக்கானிக்குகள் இந்தப் புகையைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். ரிங் வழியே காற்று கசிந்தால் சூடு போதாது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் நாசிலிலோ பம்பிலோ ஏர் ஃபில்டரிலோ இருக்கும். அதற்காக இன்ஜினை இறக்குவது வீண் செலவு. நாசில்களைக் கழற்றிச் சோதிக்க ஒரு நாள்கூட ஆகாது, அதை முதலில் செய்வதே முறை. ஒழுகும் நாசில் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பல இன்ஜின்களில் தேய்மானம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்து, கசிவு ரிங்கிலா வால்விலா என்று பிரித்தறியலாம். டீசலில் எரிஅறை மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். அந்த எண்ணை நம்ப முடியாது.

ஹெட்டைக் கழற்றியபின் விரல் நகத்தால் சிலிண்டரின் மேல் விளிம்பைத் தடவினால் ஒரு படி தட்டுப்படும். பிஸ்டன் மேலே வந்து ஒரு கணம் நின்று திரும்பும் இடம் அது: அழுத்தம் உச்சத்தில், ஆயில் படலமோ மிக மெல்லியதாக. தேய்மானம் அதிகம் விழுவது அங்கேதான். கீழே அவ்வளவு தேயாது. பிஸ்டன் சாய்ந்து உரசும் பக்கங்கள் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, வட்டம் முட்டையாகிவிடும். போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் நெடுக்காகவும் குறுக்காகவும் அளந்தால் இது தெரியும். முட்டையான போரில் புது வட்ட ரிங்கைப் போடும் ‘ரிங் வேலை’ மலிவானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. சில மாதங்களில் அதே புகை திரும்பும். மறுபடி இறக்கும் கூலியையும் சேர்த்தால் மலிவு எங்கே என்று கேட்கத் தோன்றும்.

அளவு வரம்பைத் தாண்டியிருந்தால் லேத் பட்டறையில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்; அதற்கும் இடமில்லையெனில் புது லைனர். கிராங்கை 10, 20 ‘தௌ’ என்று கிரைண்ட் செய்து, அதற்கேற்ற பேரிங் வாங்குவார்கள். தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் உண்டா என்று பார்க்காமல் வால்வு வேலை தொடங்கக் கூடாது.

போரின் சுவரைக் கல்லால் அராவி ஹோனிங் செய்த பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைப்பது பரவலான பழக்கம், மோசமான பழக்கமும்கூட. அராவிய துகள் இரும்பின் நுண்கீறல்களில் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் அதை இடம் மாற்றுமே தவிர வெளியேற்றாது. வெந்நீரும் சோப்பும் தூரிகையும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் அழுக்கு வராத வரை தேய்த்து, உடனே ஆயில் பூசிவிட வேண்டும். கிராங்கின் ஆயில் துளைகளுக்கும் இதே குளியல்தான்.

ரிங்கை பிஸ்டனில் மாட்டுமுன் போருக்குள் நேராக வைத்து, வாயிடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கிறார்கள். போர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 4 தௌ என்பது பொதுக்கணக்கு. இந்த இன்ஜினுக்கு 11, 12 தௌ வரும். குறைந்தால் சூட்டில் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சில சுற்றுகளில், டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். பம்ப் டைமிங் குறி சேர்த்து, லைனில் உள்ள காற்றை வெளியேற்றினால் ஸ்டார்ட் செய்யலாம்.

புது இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விட்டு ‘பழக்குவது’ கெடுதல். ரிங்கின் பின்னால் வாயு அழுத்தம் இருந்தால்தான் அது சுவரோடு படியும். சுமையின்றி ஓடினால் சுவர் வழவழப்பாகி ஆயில் குடிக்கும். மிதமான சுமையில், வேகத்தை மாற்றி மாற்றிச் சாலையில் ஓட்டுவதே சரி. முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளைச் சரிபார்த்து, டேப்பட் இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும். ஆயில் குடிப்பது ஒரேயடியாக நிற்காது. ரிங் படியப் படிய, சில ஆயிரம் கிலோமீட்டரில் குறைந்து ஒரு நிலைக்கு வரும்.