சிறுமலைப் பாதிரியாரும் கிறிஸ்துமஸ் வான்கோழியும்

திண்டுக்கல்லில் டிசம்பர் பிறந்தால் சில வீடுகளில் பிரியாணிப் பேச்சோடு வான்கோழிப் பேச்சும் கிளம்பிவிடும். துண்டு போட்டுக் குழம்பு வைக்கிற சமாச்சாரம் இல்லை. முழுப் பறவைக்கும் மசாலா தடவி, பேக்கரி அடுப்பில் சுட்டு, கிறிஸ்துமஸ் மதியம் எல்லாருக்கும் பங்கு வைப்பது. ஆட்டுக்கறிக்கும் சீரகச் சம்பாவுக்கும் பேர்போன ஊரில் இது எப்படி நுழைந்தது? சமையல்காரப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னார்: "சிறுமலையில இருந்த அமெரிக்கப் பாதிரியாருங்க கொண்டாந்தது தம்பி. எங்க தாத்தா சொல்வாரு."

விசாரித்தால் கதையில் சரக்கு இருந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் நிலையம் போட்டார்கள். சமவெளி வெயிலும் நோயும் அவர்களை வாட்டின. ஓய்வுக்கு இடம் தேடி 1838 வாக்கில் சிறுமலைமேல் பங்களா கட்டினார்கள். அங்கே மலைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கடைசியில் பழனி மலைக்குப் போய், 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கோடைக்கானல் ஊராக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆக, வான்கோழி பிறந்த கண்டத்துக்காரர்கள் சிறுமலையில் குடியிருந்தது உண்மை.

ஆனால் காலத்தைக் கணக்குப் பார்த்தால் பெரியவர் கதை ஆட்டம் காண்கிறது. அவர்கள் மலையேறியது சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தப்பிக்க. அமெரிக்கர்கள் வான்கோழி சுடும் நன்றியறிதல் நாளோ நவம்பர் கடைசியில் வரும். இங்கே அது கார்த்திகை மழைக்காலம், மலையேற அவசியமே இல்லாத மாதம். சரி, கிறிஸ்துமஸுக்குச் சுட்டிருப்பார்களா? அந்த மிஷனின் வேர் நியூ இங்கிலாந்து. அங்கிருந்த பியூரிட்டன் முன்னோர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே பாவமாகப் பார்த்தவர்கள். மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். அந்த மாநிலம் டிசம்பர் 25ஐ விடுமுறையாக ஏற்றது 1856இல்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்கள் சிறுமலையில் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார்கள் என்பது எனக்கு ஒட்டவில்லை.

பறவையின் தடம் வேறு திசைக்கு இழுத்தது. வான்கோழியை முதலில் வளர்த்துப் பழக்கியவர்கள் மெக்சிகோவின் பூர்வகுடிகள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவுக்கு வந்தது போர்த்துகீசியர் கப்பலில். 1612இல் ஜஹாங்கீரின் அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து வாங்கிவந்த விநோதங்களில் ஒன்றாக அது முகலாய அரண்மனைக்குப் போனது. கழுத்தும் தலையும் நிறம் மாறுவதைப் பார்த்து வியந்த ஜஹாங்கீர், சிவப்பாகி, வெளுத்து, நீலம் பாரிக்கும் விதத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஓவியர் மன்சூர் வரைந்த அந்த வான்கோழி இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூதுரையில் வரும் வான்கோழி என்னாயிற்று என்று கேட்பீர்கள். பாட்டு 1500க்கு முந்தியது என்றால், அதிலுள்ளது வேறு பறவை. அவ்வளவுதான்.

பறவை வந்த வழி தெரிந்தது; பண்டிகை வந்த வழி? இங்கே நான் சந்தேகப்படுவது ஆங்கிலேயரை. திண்டுக்கல் கோட்டை 1790இல் கும்பினிப் படையிடம் விழுந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தச் சீமையே அவர்கள் கைக்குப் போனது. இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் கறி வெகுகாலம் வாத்துதான். ஆனால் 1843இல் டிக்கன்ஸ் எழுதிய கதையில் கஞ்சன் ஸ்க்ரூஜ் மனம் திருந்தி ஏழைக் குமாஸ்தாவுக்கு அனுப்புவது பெரிய வான்கோழி. துரைமார் வீட்டு அடுப்பில் நின்றவர்களோ நம் ஆட்கள். 1878இல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி ஹெர்பர்ட் சென்னை ராஜதானி வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காகச் சமையல் நூல் எழுதியபோது, சமையல்காரருக்கு வைத்த பொதுப்பெயர் ராமசாமி. ஐரோப்பிய ரோஸ்ட் நம் பக்கம் இறங்கியது இப்படிப்பட்ட ராமசாமிகளின் கைவழியாகத்தான் இருக்க வேண்டும். திண்டுக்கல் கத்தோலிக்கர்களின் சொந்த விருந்து வேறு. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழா அசனத்துக்கு நேர்ச்சையாக வருவது ஆடும் கோழியும்.

நத்தம் சாலையில் சிறுமலைப் பிரிவுக்குப் பக்கத்தில் வான்கோழி வளர்க்கும் ஓர் அக்காவைப் பார்த்தேன். முட்டை பொரிய 28 நாள். பொரிந்த குஞ்சுக்குத் தீனி இருக்கும் இடம் தெரியாது. தட்டில் கலர் கூழாங்கல்லைப் போட்டு விரலால் தட்டித் தட்டிக் காட்டுகிறார். அவித்த முட்டையை உதிர்த்து அலகில் ஊட்டுகிறார். "முதல் பதினஞ்சு நாள் பச்சப்புள்ள கணக்கா பாக்கணும் தம்பி. அப்புறம் அதுவே புல்லு மேஞ்சு வளந்துக்கும்." கால்நடைப் பல்கலைக்கழகம் நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் அமெரிக்க பெல்ட்ஸ்வில் வெள்ளையையும் கலந்து உருவாக்கிய நந்தனம்-1 ரகம் நம் வெயிலைத் தாங்கும். அமெரிக்காக்காரன் பங்கு கடைசியில் இந்த வழியில் வந்து சேர்ந்தது.

மேய்ந்து வளர்ந்த பறவையில் கொழுப்பு குறைவு. அப்படியே அடுப்பில் தள்ளினால் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும், தொடை வேகாது. பெரியவர் முதல்நாள் இரவே உப்புத் தேய்த்து வைக்கிறார். உப்பு உள்ளிறங்கி, கறி தன் ஈரத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். காலையில் தோலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரலை விட்டு, இடித்த மிளகும் பூண்டும் வெண்ணெயும் திணிக்கிறார். வயிற்றுக்குள் பிளந்த எலுமிச்சை. மிளகும் எலுமிச்சையும் சிறுமலைச் சரக்கு. கேக் இறக்கிய பேக்கரி அடுப்பில், வடியும் நெய்யை அவ்வப்போது மேலே ஊற்றிக்கொண்டே சுடுகிறார்.

என் தீர்ப்பு இது: பறவை மெக்சிகோவுடையது, வந்த வழி கோவா, பண்டிகைப் பழக்கம் பெரும்பாலும் இங்கிலாந்து. சிறுமலைப் பாதிரியாருக்கு இதில் பங்கில்லை, சிறுமலை மிளகுக்கு உண்டு. வீட்டில் செய்ய நினைப்பவர்கள் நான்கு கிலோவுக்கு மேல் போகாத பறவையாக வாங்குங்கள். 165 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி 74 டிகிரி காட்டாமல் இறக்காதீர்கள். இறக்கியதும் அரை மணி நேரம் கத்தி வைக்காதீர்கள்.